ஊசி ஏற்றுமுன் கேட்க வேண்டிய கேள்வி

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் இரத்தினபுரிப் பக்கம் ஓர் இறப்பர்த் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பத்திரிகைத் தொழிலுக்கு நான் புதியவனாக இருந்த நாட்களில் அந்தத் தோட்டத்துச் செய்திகளை எனக்குச் சொல்லியனுப்புகிற தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் காலமாகி இரண்டு வருடங்கள் ஆகிவிட்டன என்பது எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. மனைவியும் ஒரே மகளும் அதே லயத்தில், அதே காம்பராவில் இருக்கிறார்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் வேறொரு துக்கத்தையும் கேட்டுத் திரும்பினேன். அன்று முதல் மனதில் கிடப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஒரு பெரிய வைத்தியசாலையில் சிகிச்சை நடந்தது. ஒரு வருடத்தில் நோய் திரும்பி வந்தது. இரண்டாம் முறை கடுமையான மருந்துகளைக் கொடுத்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். நாலாவது வருடமாக நோயின் சுவடே இல்லை. இரண்டு சிகிச்சைக்கும் ஒரு சதம் அறவிடப்படவில்லை. இந்த நாட்டின் இலவச மருத்துவத்தைக் குறைகூறுகிறவர்கள் அந்தத் தாயிடம் போய்க் கேட்க வேண்டும்.

மகள் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போன நேரம் பார்த்து அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “புள்ளைக்கு மாசா மாசம் வர்றது நின்னு போச்சுங்க ஐயா. மருந்து வேகம், சரியாயிடும்னு இருந்தோம். போன வருசம் கிளினிக்ல ஒரு மிஸ்ஸுக்கிட்ட கேட்டப்பதான் இனி வராதுன்னு சொன்னாங்க. புள்ளையோட உசுரக் காப்பாத்திக் குடுத்தாங்க, அத நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இப்படி ஆகும்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லீங்களா?”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்: உயிர் தப்பியதே பெரிய காரியம், மற்றதெல்லாம் பிறகு. தண்ணீர்க் குடத்துடன் வாசலில் வந்து நின்ற மகள் அதைக் கேட்டுவிட்டாள். “உயிர் தப்பினதாலதான் ஐயா அதயெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கு” என்றாள். கோபத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகாமல் இருக்கிறது.

போகும்போது இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நோய் திரும்பியது உறுதியானதற்கும் இரண்டாம் சிகிச்சை தொடங்கியதற்கும் இடையில் மூன்று வாரங்கள் அவள் வீட்டில்தான் இருந்திருக்கிறாள். கட்டிலுக்கு முறை வரும்வரை காத்திருந்தாள். அந்த மூன்று வாரங்களில் செய்திருக்கக்கூடிய ஒரு காரியம் உலகத்தில் இருந்தது.

* * *

நான் கலைப்பட்டதாரி. உடற்கூற்றியல் எனக்குப் பாடமல்ல. ஆனாலும் பத்திரிகைக்காரன் என்ற பழக்கத்தில் தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டும், கிடைத்ததை வாசித்தும் அறிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளது இரண்டு சூலகங்களிலும் பத்து முதல் இருபது இலட்சம் வரையான முட்டைகள் இருக்கின்றன. பூப்பெய்தும் வயதில் அவற்றில் மூன்று நான்கு இலட்சமே மிஞ்சியிருக்கும். அவளது ஆயுளில் முதிர்ந்து வெளிப்படுபவை சில நூறுதான். ஆண்களுக்கு விந்து நாள்தோறும் புதிதாக உண்டாகிறது. பெண்ணுக்கோ பிறக்கும்போது கிடைத்ததுதான் முதல். செலவாகிக்கொண்டே போகும் அந்த முதலில் மீண்டும் ஒரு சதமும் சேர்வதில்லை.

புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகள் எல்லாமே சூலகத்தை ஒரே அளவில் தாக்குவதில்லை. சில மருந்துகளால் பெரிய சேதம் இல்லை. சைக்ளோபொஸ்பமைட் போன்ற சில மருந்துகள் உறங்கிக் கிடக்கும் முட்டைகளையும் அழிக்கின்றன. என்புமச்சை மாற்றுக்கு முன் கொடுக்கப்படும் மருந்துகள் அனேகமாக முழுவதையும் அழித்துவிடும். அடிவயிற்றில் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் (நம் சனங்கள் ‘கரண்ட் பிடிப்பது’ என்பார்கள்) இதே கதிதான். இருபது வயதில் மாதவிடாய் நின்றுபோனால் போவது பிள்ளைப்பேறு மாத்திரமல்ல. சூலகம் சுரக்கும் ஹோர்மோன் இல்லாமற் போவதால் எலும்பு தேய்கிறது, உடல் தகிக்கிறது, ஐம்பது வயதுக்குரிய உபாதைகள் முப்பது ஆண்டுகள் முந்தி வருகின்றன.

இதைத் தடுக்க மூன்று வழிகள் முக்கியமாகப் பேசப்படுகின்றன. முட்டையை எடுத்துக் கணவனின் விந்துடன் சேர்த்துக் கருவாக்கி உறைய வைப்பது ஒன்று. கருவாக்காமல் முட்டையை மட்டும் உறைய வைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் பத்துப் பதினைந்து நாட்கள் ஹோர்மோன் ஊசி போட்டு முட்டைகளை முதிரச் செய்ய வேண்டும். பூப்பெய்தாத சிறுமிக்கு இரண்டுமே பொருந்தா. சிகிச்சையை அவ்வளவு நாள் தள்ளிப்போட முடியாத நோயாளிக்கும் பொருந்தா. முதலாவது வழிக்கு ஒரு ஆண்மகனும் வேண்டும்.

மூன்றாவது வழிதான் சூலக இழையத்தை உறைய வைப்பது. (இழையம் என்பதைத் தமிழகத்தில் திசு என்பார்கள்.) வயிற்றில் சிறு துளைகள் இட்டு, குழாய்க்கருவி மூலம் ஒரு சூலகத்தையோ அதன் ஒரு பகுதியையோ எடுக்கிறார்கள். முட்டைகள் சூலகத்தின் வெளிப்புறப் பட்டையில்தான் செறிந்திருக்கின்றன. அந்தப் பட்டையை ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள சிறு கீற்றுகளாக நறுக்கி, உறையும்போது கலங்கள் வெடித்துவிடாதபடி காக்கும் திரவத்தில் ஊறவைத்து, மெல்ல மெல்லக் குளிரூட்டி, திரவ நைதரசனில் மறை 196 பாகை செல்சியசில் வைத்துவிடுகிறார்கள். ஊசி போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. சில நாட்களுக்குள் முடிந்துவிடும் காரியம். பெண் குணமடைந்து, வருடங்கள் கழிந்து, பிள்ளை வேண்டும் என்று அவள் நினைக்கும்போது கீற்றுகளை உருகவைத்து உடலில் மீண்டும் பொருத்துகிறார்கள். நாலைந்து மாதங்களில் அந்தக் கீற்று விழித்துக்கொள்கிறது. மாதவிடாய் திரும்புகிறது.

* * *

இது கற்பனைக் கதை போலத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இதற்கு முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

1994 இல் எடின்பரோவில் ரொஜர் கொஸ்டனும் சகாக்களும் ஒரு செம்மறியாட்டின் சூலக இழையத்தை உறைய வைத்து, அதே ஆட்டில் திரும்பப் பொருத்தி, அது குட்டி ஈனுவதைக் கண்டார்கள். 1997 இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் ஜாக் டொனே என்ற மகப்பேற்று நிபுணர், நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறவிருந்த இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியின் சூலகத்திலிருந்து கீற்றுகளை எடுத்து உறைய வைத்தார். மருந்தும் கதிர்வீச்சும் முடிந்தபின் அவளது மாதவிடாய் நின்றுபோயிற்று. 2003 இல் அந்தக் கீற்றுகளைத் திரும்ப வைத்தார்கள். 2004 செப்டெம்பரில் அவள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். இம்முறையில் பிறந்த முதற் குழந்தை அது. உடலில் எஞ்சியிருந்த சூலகத்திலிருந்து வந்த முட்டையாக இருக்கலாமே என்று சந்தேகித்தவர்களும் உண்டு. தொடர்ந்து பல நாடுகளில் நிகழ்ந்த பிறப்புகள் அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

2014 இல் அதே பிரசல்ஸில், கொங்கோவில் பிறந்த ஒரு பெண் தாயானாள். அவளது சூலகம் எடுக்கப்பட்டபோது அவள் பூப்பெய்தியிருக்கவில்லை. 2016 டிசெம்பரில் இலண்டனில், தலசீமியா என்ற பரம்பரைக் குருதிநோய்க்குச் சிகிச்சை பெற்ற டுபாய்ப் பெண் ஒருத்தியும் அவ்வாறே தாயானாள். சிறுமியாக இருந்தபோது லீட்ஸ் நகரில் எடுத்து வைத்த இழையம் அது. 2019 இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதனைப் பரீட்சார்த்த முறை என்று இனிக் கருத வேண்டியதில்லை என்று அறிவித்தது. உலகத்தில் இம்முறையால் பிறந்த குழந்தைகள் இருநூறைத் தாண்டிவிட்டார்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் ஏமாற்றுக்கு நானும் உடந்தை ஆவேன். இழையத்தைத் திரும்ப வைத்துக்கொண்ட பெண்களில் பெரும்பாலோருக்கு ஹோர்மோன் திரும்புகிறது. ஆனால் பிள்ளை பெறுபவர்கள் நாலில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரைதான். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு முட்டைகள் குறைந்திருப்பதால் அனேகமாகப் பரிந்துரைப்பதில்லை. குருதிப் புற்றுநோய்க்காரருக்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உறைந்த இழையத்துக்குள் நோய்க்கலங்களும் உறைந்திருந்து, திரும்ப வைக்கும்போது நோயையும் சேர்த்துத் திரும்ப வைத்துவிடக்கூடும். கருப்பையே கதிர்வீச்சில் பழுதாகிப்போனால் சூலகம் மட்டும் இருந்து பயனில்லை. மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் ஒரு சத்திரசிகிச்சைக்குரிய ஆபத்துகளும் உண்டு. எனவே இது எல்லோருக்கும் ஆனது என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை வைத்தியர் எடுத்துச் சொல்லவும், வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெண் சொல்லவும் ஒரு சந்தர்ப்பம் இருக்க வேண்டும் என்கிறேன்.

* * *

இனி, இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலரும் கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல்தான் 1,350 ரூபாவாக ஆயிற்று. 2022 நெருக்கடியின்போது வைத்தியசாலைகளில் சாதாரண மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. இப்படிப்பட்ட நாட்டில், லயத்தில் வாழும் பெண்ணுக்கு, திரவ நைதரசனைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் அல்லவா?

இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் இதற்குள் இரண்டு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று வசதி. மற்றது தகவல். வசதிக்குப் பணம் வேண்டும். தகவலுக்கு ஒரு நிமிடம் போதும். “இந்த மருந்தால் உங்களுக்குப் பிள்ளை பிறக்காமற் போகலாம்” என்று ஒரு பெண்ணிடம் அவளுக்கு விளங்கும் மொழியில் சொல்வதற்கு எந்த இயந்திரமும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

வசதியின் பக்கத்திலும் எல்லாமே விலையுயர்ந்தவை அல்ல. அடிவயிற்றுக்குக் கதிர்வீச்சுக் கொடுக்குமுன், கதிர் படாத உயரத்துக்குச் சூலகத்தைத் தூக்கித் தைத்துவிடும் சத்திரசிகிச்சை ஒன்று இருக்கிறது. அதற்கு உறைகலம் எதுவும் தேவையில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் காலத்தில் மாதமொரு ஊசியால் சூலகத்தை உறங்க வைக்கும் முறையும் உண்டு. அது முழுப் பாதுகாப்புத் தராவிட்டாலும் ஓரளவு பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இழையத்தை உறைய வைப்பதற்கும் மாவட்டத்துக்கு ஒரு நிலையம் தேவையில்லை. டென்மார்க்கின் அனுபவத்தை நான் ஆவலோடு வாசித்தேன். அங்கே நோயாளியின் ஊர் வைத்தியசாலையிலேயே சூலகத்தை எடுத்து, பனிக்கட்டியில் குளிரவைத்து, நாலைந்து மணித்தியாலப் பயணத்தில் கொப்பன்ஹேகனுக்கு அனுப்பினார்கள். அப்படிப் பயணம் செய்த இழையத்திலிருந்து குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். ஜெர்மனியிலும் இரவோடிரவாக வேறு நகரத்து நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு. பயணம் செய்வது இழையம்தான். பெண் தன் ஊரிலேயே, தன் சனங்களுக்கு நடுவிலேயே இருக்கலாம்.

இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்கு அவிசாவளை வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். எவ்வளவு நெரிசலிலும் நாலு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். இரத்தினபுரியில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் அந்த நகரத்தில்தான் இயங்குகிறது. நாடு முழுவதற்கும் பொதுவாக, அரசாங்கப் பொறுப்பில் ஒரேயொரு இழைய வங்கி இருந்தால், பலாங்கொடைப் பெண்ணுக்கும் இறக்குவானைப் பெண்ணுக்கும் கேகாலைப் பெண்ணுக்கும் அது எட்டும். அப்படி ஒன்று இல்லாமல், தனியார் கையில் மட்டும் இந்த வித்தை தங்கிவிட்டால், அது காசுள்ளவர்களின் பிள்ளைப்பேறாகவே முடியும்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை’ என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறேன். 1978 ஒக்டோபரில் கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் என்ற வைத்தியர், உறைய வைத்த கருவை உருகவைத்துத் தாயின் கருப்பையில் வைத்து ஒரு பெண் குழந்தை பிறக்கச் செய்தார். கையிலிருந்த எளிய கருவிகளை வைத்தே அதைச் செய்தார். உறைந்த கருவிலிருந்து அவுஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது 1984 இல்தான். அரசாங்கம் அமைத்த விசாரணைக்குழு முகோபாத்யாயை நம்பவில்லை, அவமதித்தது. 1981 ஜூனில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவரது குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து அவர் சொன்னது உண்மையே என்று ஆனந்த குமார் என்ற விஞ்ஞானி 1997 இல் எடுத்துச் சொல்லும்வரை அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. வித்தை நம் பக்கத்திலும் இருந்தது. அதை நம்பிக் கைகொடுக்கும் மனம்தான் இருக்கவில்லை.

* * *

மலையகப் பெண்ணைப் பொறுத்தவரை இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

1948 இல் இந்த மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபரில், இரத்தினபுரியில் பிறந்தவரான பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்த எண்ணிக்கைகளோடு ‘இயற்கை அதிகரிப்பு’ என்றொரு சொல்லும் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது, இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகள். எங்கள் பெண்களின் வயிற்றில் இன்னும் உருவாகாத பிள்ளைகளையும் இரண்டு அரசாங்கங்கள் மேசையில் வைத்துப் பங்கிட்டுக்கொண்டன. பெற வேண்டியவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதன்பிறகு குடும்பக் கட்டுப்பாடு வந்தது. 1980 முதல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. தோட்டங்களில் அப்படிச் செய்துகொண்ட பெண்களின் விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட உயர்ந்து நின்றது. விரும்பிச் செய்துகொண்டவர்களும் உண்டு. ஐந்தாறு பிள்ளைகளைப் பெற்றுக் களைத்த பெண்ணுக்கு அது ஒரு விடுதலையாகவும் இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்ன சத்திரசிகிச்சை என்று சரியாக விளங்காமல் லொறியில் ஏறிப் போய் வந்ததாக முதிய பெண்கள் சொல்ல நானே கேட்டிருக்கிறேன். சசிகுமார் பாலசுந்தரம் என்ற ஆய்வாளர் 2011 இல் இதுபற்றி எழுதிய கட்டுரைக்கு, ‘கருப்பைகளைத் திருடுதல்’ என்று பொருள்படும் தலைப்பையே இட்டார்.

பிள்ளை பெறாமல் இருப்பதற்குத் தோட்டத்துப் பெண்ணிடம் கையொப்பம் வாங்கப் பணமும் வாகனமும் ஒதுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, “பின்னாளில் உனக்குப் பிள்ளை வேண்டுமா?” என்று அதே பெண்ணிடம் கேட்கவும் தெரிய வேண்டும். இது சலுகை கோரும் பேச்சு அல்ல. நீண்ட காலமாகப் பிறர் போட்டுவந்த கணக்கை அவளே போட்டுக்கொள்ள விடுங்கள் என்பதுதான்.

மொழியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ் அரசகரும மொழியாகி (1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம்) எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பிள்ளையின் கிளினிக் கொப்பியை நான் புரட்டிப் பார்த்தேன். அதில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்துத் தகப்பன் ஒப்பமிட்ட தாளும் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்தான் இருந்ததாம். ஒருவேளை அந்தத் தாளில் பிள்ளைப்பேறு பற்றி ஒரு வரி இருந்திருக்கலாம். இருந்திருந்தாலும் அவருக்கு அது இல்லாத வரிதான்.

* * *

எல்லாப் பழியையும் அரசாங்கத்தின் தலையிலும் வைத்தியர்களின் தலையிலும் போட்டுவிட்டு நாம் தப்பிவிட முடியாது. கல்யாணமாகாத பெண்ணிடம் பிள்ளைப்பேறு பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று நினைப்பவர்கள் நாம். வைத்தியரும் தாதியும் கூச்சப்படுகிறார்கள் என்றால், அந்தக் கூச்சத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நம் வீடுகள்தான். புற்றுநோய் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லாமல் ‘அந்த வருத்தம்’ என்கிறோம். பிள்ளை இல்லாதவளுக்கு மட்டும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அதைச் சொல்லக் கூச்சப்படுவதில்லை. பிள்ளை இல்லாமல் வாழ்வதும் வாழ்வுதான், தத்தெடுத்து வளர்ப்பதும் தாய்மைதான் என்பதை நாம் மனதார ஏற்றுக்கொண்டால் இந்தப் பெண்களின் துயரத்தில் பாதி குறையும்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மறைத்துக் கட்டிவைத்துவிடலாம் என்று உறவினர் சிலர் ஆலோசனை சொன்னார்களாம். பிள்ளை மறுத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொல்லச் சொன்னாள். சொன்னார்கள். பேச்சு அத்தோடு நின்றது. அந்த வீட்டார்மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

சூலக இழையத்தில் நான் முக்கியமாகக் காணும் ஒரு விடயம் உண்டு. உறைய வைத்த கருவில் ஓர் ஆணுக்கும் பங்கு இருக்கிறது. உறவு முறிந்தால் அது யாருக்கு என்ற வழக்கும் வருகிறது. உறைய வைத்த இழையம் அவளுடைய உடலின் ஒரு துண்டு, அவளுக்கு மட்டுமே உரியது. கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா, கணவன் சம்மதித்தானா என்ற கேள்விகள் அங்கே எழ நியாயமில்லை. பின்னாளில் அவள் அதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடலாம். எடுத்து வைத்த பெண்களில் பெரும்பாலானோர் பயன்படுத்துவதுமில்லை என்கிறார்கள். ஆனாலும் ‘இருக்கிறது’ என்ற எண்ணத்தோடு மருந்தை ஏற்றிக்கொள்வதும், எதுவும் தெரியாமல் ஏற்றிக்கொள்வதும் ஒன்றல்ல.

சுகாதாரத் துறையிடம் நான் கேட்பவை அதிகமில்லை. பிள்ளை பெறும் வயதில் உள்ள, அந்த வயதை இனி அடையப்போகிற எந்தப் பெண்ணுக்கும் புற்றுநோய் மருந்து தொடங்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்பதும், கேட்டதைப் பதிவேட்டில் குறிப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். மூன்று மொழிகளிலும் எளிய துண்டுப்பிரசுரம் ஒன்று ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும், தோட்டத்து டிஸ்பென்சரியிலும், சுகவனிதையர் கிளினிக்கிலும் இருக்க வேண்டும். அரச வைத்தியசேவையின் அங்கமாக ஒரு பொது இழைய வங்கிக்குத் திட்டமிட வேண்டும்.

வெளிநாடுகளில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை இளைஞர்கள் நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். உங்களில் பலர் அதற்கு உதவியும் இருப்பீர்கள். நினைத்தால் செய்ய முடிகிறது என்பதற்கு அது சாட்சி. இழைய வங்கிக்குக் காசு சேர்க்கும் நாள் வரும்போது வரட்டும். அதற்கு முன்பே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரிலோ உறவிலோ ஓர் இளம்பெண்ணுக்கு இந்த நோய் என்று தொலைபேசி வந்தால், ‘கவலைப்படாதே’ என்று சொல்வதோடு நிறுத்திவிடாமல், முதல் ஊசி எப்போது என்று கேளுங்கள். அதற்கு முன் வைத்தியரிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: “இந்தச் சிகிச்சை என் பிள்ளைப்பேற்றைப் பாதிக்குமா? பாதிக்குமானால், தொடங்குமுன் செய்யக்கூடியது எதுவும் உண்டா?”

தோட்டத்திலிருந்து புறப்படும்போது, இதைப் பற்றி எழுதலாமா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். பெயரையும் தோட்டத்தையும் போடாமல் எழுதச் சொன்னாள். மேலே உள்ள அந்த இரண்டு கேள்விகளையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டாள். கிளினிக் நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புதிய பிள்ளைகளுக்குக் கொடுக்க என்றாள்.